388 ஒன்றியங்களை ஒட்டிய மண்டலங்களாகப் பிரிப்பது எப்படி?

கேள்வி சுருக்கமாக இதுதான். தமிழ்நாட்டின் 388 ஊராட்சி ஒன்றியங்களுக்கும் மழையளவு, பாசனப் பரப்பு, பயிர் வகை, மக்கள்தொகை என்று தரவு கையில் இருக்கிறது. கே-மீன்ஸ் (தரவில் ஒத்திருப்பவற்றை ஒரே குழுவாக்கும் முறை) ஓட்டிப் பார்த்தால் ஒரே குழுவின் ஒன்றியங்கள் திருவள்ளூரில் கொஞ்சம், சிவகங்கையில் கொஞ்சம், தூத்துக்குடியில் கொஞ்சம் என்று சிதறிக் கிடக்கின்றன. ஒவ்வொரு குழுவும் இடைவெளி இல்லாத ஒரே நிலப்பரப்பாக வர வேண்டும். பத்துப் பன்னிரண்டு மண்டலம் போதும். எந்த முறையைப் பயன்படுத்துவது?

பதிலை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஸ்கேட்டர் என்ற முறையில் தொடங்குங்கள், அப்புறம் ரெட்கேப் என்ற முறையை வார்டு இணைப்போடு (குழுவுக்குள் வித்தியாசம் மிகக் குறைவாகக் கூடும்படி குழுக்களைச் சேர்க்கும் விதி) ஓட்டுங்கள், இரண்டையும் ஒப்பிடுங்கள்; இவை எப்படி வேலை செய்கின்றன என்று பின்னால் சொல்கிறேன். இரண்டும் ஜியோடா என்ற வரைபடப் பகுப்பாய்வு மென்பொருளில் இலவசமாகக் கிடைக்கும். ஆனால் உங்கள் வரைபடம் எப்படி வரும் என்பதை முறையைவிட அதிகமாகத் தீர்மானிக்கப் போவது, எந்த ஒன்றியத்துக்கு எது அண்டை என்று நீங்கள் கொடுக்கும் பட்டியல். பெரும்பாலோர் மென்பொருள் தானாகப் போட்டுக் கொடுப்பதை அப்படியே வைத்துக்கொண்டு, முறைகளை மாற்றி மாற்றிப் பார்ப்பதிலேயே நேரத்தைச் செலவிடுகிறார்கள். அதனால் இந்தப் பதிலில் பட்டியலுக்கு நிறைய இடம் கொடுத்திருக்கிறேன்.

அதற்கும் முன்னால் ஒரு கேள்வி. தொடர்ச்சி, அதாவது மண்டலம் ஒரே நிலப்பரப்பாக இருப்பது, உங்களுக்கு உண்மையிலேயே தேவையா? தமிழ்நாட்டின் வேளாண் காலநிலை மண்டலங்கள் ஏழு: வடகிழக்கு, வடமேற்கு, மேற்கு, காவிரி டெல்டா, தெற்கு, அதிக மழை பெறும் கன்னியாகுமரி, மலைப்பகுதி. இதில் டெல்டா ஒரே நிலப்பரப்பு. மாவட்ட எல்லையைக்கூட அது பார்ப்பதில்லை. தஞ்சாவூர், திருவாரூர், நாகப்பட்டினத்தோடு அரியலூர், கடலூர், புதுக்கோட்டையின் பகுதிகளும் அதில் உண்டு. மலை மண்டலமோ நீலகிரி, சேர்வராயன், ஏலகிரி, கொல்லிமலை, பழனி மலை என்று ஆங்காங்கே சிதறி நிற்பது. ஏற்காட்டில் காப்பி விவசாயிக்குச் சொல்லும் ஆலோசனை பக்கத்து ஓமலூருக்குப் பொருந்தாது, தொலைவிலிருக்கும் குன்னூருக்குப் பொருந்தும். ஆகவே அந்த மண்டலம் சிதறி இருப்பதுதான் சரி. பயிர் ஆலோசனைதான் உங்கள் நோக்கம் என்றால் கே-மீன்ஸ் முடிவு தவறே இல்லை, அதை வைத்துக்கொள்ளுங்கள். ஒரு மண்டலத்துக்கு ஒரு அலுவலகம், ஒரு கிடங்கு, ஒரு மருத்துவமனை என்று ஏதாவது ஒன்றை ஒதுக்கப் போகிறீர்கள், அல்லது தேர்தல் தொகுதி போலச் சட்டப்படியே ஒட்டி இருக்க வேண்டும் என்றால், தொடர்ச்சியைக் கட்டாயமாக்குங்கள்.

பலர் செய்யும் ஒரு குறுக்குவழியையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். ஒன்றியத்தின் மையப் புள்ளியுடைய அட்சரேகை, தீர்க்கரேகையை இரண்டு கூடுதல் மாறிகளாகச் சேர்த்துக் கே-மீன்ஸ் ஓட்டுவது. சிதறல் குறையும், ஆனால் ஒட்டி வரும் என்ற உத்தரவாதம் கிடையாது. அந்த இரண்டு மாறிகளுக்கு நிறைய எடை கொடுத்தால் குழுக்கள் ஒட்டி வரும், ஆனால் அப்போது மழையையும் பாசனத்தையும் மறந்துவிட்டு வெறும் தூரத்தைத்தான் பிரிக்கிறீர்கள். ஆர் என்ற புள்ளியியல் மென்பொருளில் இருக்கும் கிளஸ்ட்ஜியோ தொகுப்பு இதே சமரசத்தை ஒழுங்காகச் செய்கிறது: மழை, பாசனம் போன்ற பண்புகளின் வித்தியாசத்தையும் நிலத் தூரத்தையும் எவ்வளவு எவ்வளவு கலப்பது என்று நீங்களே தேர்ந்தெடுக்கலாம். அதுவும் தொடர்ச்சியைக் கட்டாயப்படுத்தாது.

சரி, அண்டைப் பட்டியலுக்கு வருவோம். வழக்கமாக இரண்டு விதி. பொதுவான எல்லைக்கோடு இருந்தால்தான் அண்டை என்பது யானை விதி, ஒரு மூலை தொட்டாலும் அண்டை என்பது ராணி விதி. சதுரங்கக் காய்கள் நகரும் விதத்திலிருந்து வந்த பெயர்கள். நம் ஒன்றிய வரைபடத்தில் நான்கு எல்லைகள் ஒரே புள்ளியில் சந்திப்பது அபூர்வம் என்பதால் இந்த வித்தியாசம் பெரிதாகப் பாதிக்காது. பாதிப்பது வேறு மூன்று விஷயங்கள்.

முதலாவது, வரைபடத்தின் தரம். பக்கத்துப் பக்கத்து ஒன்றியங்களைத் தனித்தனியே வரைந்திருந்தால் இரண்டு எல்லைகளும் சரியாக ஒட்டாது, நடுவில் சில மீட்டர் இடைவெளி விட்டிருக்கும். கண்ணுக்கு ஒட்டியிருப்பது போலவே தெரியும். மென்பொருளுக்கு அவை அண்டை இல்லை. ஒரு சிறிய சகிப்பு தூரம் கொடுத்து அதற்குள் வருவதை எல்லாம் ஒட்டியதாக எடுத்துக்கொள்ளச் சொல்லுங்கள். பிறகு ஒவ்வொரு ஒன்றியத்துக்கும் எத்தனை அண்டை என்று எண்ணிப் பாருங்கள். பூஜ்யம், ஒன்று என்று வருவதை எல்லாம் வரைபடத்தில் நேரே போய்ப் பார்க்க வேண்டும்.

இரண்டாவது, ஓட்டைகள். இது ஒன்றியத் தரவுக்கே உரிய சிக்கல். ஊராட்சி ஒன்றியம் என்பது ஊரகப் பகுதி மட்டும். மாநகராட்சி, நகராட்சி, பேரூராட்சி எதுவும் அதில் சேராது. சென்னை மாவட்டத்தில் ஒன்றியமே கிடையாது. கோயம்புத்தூர், மதுரை, சேலம் மாநகராட்சிகள் எல்லாம் உங்கள் வரைபடத்தில் வெற்றிடங்களாக நிற்கும். நகரத்தின் இரண்டு பக்கமும் இருக்கும் ஒன்றியங்களுக்கு நடுவே தினமும் ஆயிரக்கணக்கில் ஆட்கள் போய்வருவார்கள், பட்டியலில் அவை அண்டை அல்ல. தமிழ்நாட்டை மட்டும் எடுத்தால் காரைக்காலும் ஒரு ஓட்டைதான். நாகப்பட்டினம் மாவட்டமே முன்பு காரைக்காலுக்கு வடக்கே ஒரு துண்டு, தெற்கே ஒரு துண்டு என்று இருந்தது; வடக்குத் துண்டு 2020இல் மயிலாடுதுறை மாவட்டமாகப் பிரிந்தது. இந்த ஓட்டைகளுக்கு என்ன செய்யலாம் என்றால், நகரப் பகுதியையும் அலகாகச் சேர்க்கலாம், அல்லது நகரத்தைச் சுற்றியிருக்கும் ஒன்றியங்களை ஒன்றுக்கொன்று அண்டையாகக் கையால் எழுதலாம். எதைச் செய்தாலும் அறிக்கையில் குறிப்பிடுங்கள்.

மூன்றாவது, எல்லை ஒட்டினாலும் பாதை இல்லாத இடங்கள். கொடைக்கானல் மேல்மலைக்கும் உடுமலைக்கும் வரைபடத்தில் பொது எல்லை உண்டு. நடுவில் மஞ்சம்பட்டிப் பள்ளத்தாக்குக் காடு; வண்டியில் போகிறவர் பழனிப் பக்கம் இறங்கிச் சுற்றித்தான் போக வேண்டும். கொள்ளிடத்தின் இரு கரைகளும் பல கிலோமீட்டர் நீளத்துக்கு எல்லையைப் பகிர்ந்துகொள்கின்றன, ஆனால் அணைக்கரை போன்ற சில இடங்களில்தான் பாலம் இருக்கிறது. இதற்கு நேர் எதிர்மாறான நிலைமையும் உண்டு: ஊராட்சி அளவில் இறங்கினால் பாம்பனும் தங்கச்சிமடமும் தீவில் நிற்கும், மண்டபத்தோடு எல்லை கிடையாது, ஆனால் 1988 முதல் சாலைப் பாலம் இருக்கிறது. மழை, மண் சார்ந்த ஆய்வுக்கு எல்லை ஒட்டினால் போதும். சேவை வழங்கும் மண்டலத்துக்குச் சாலைத் தொடர்பைப் பார்த்து அண்டைகளை நீக்கவும் சேர்க்கவும் வேண்டும்.

பட்டியல் முடிந்ததும், எந்த ஒன்றியத்திலிருந்து கிளம்பினாலும் அண்டை அண்டையாக நடந்து மற்ற எல்லா ஒன்றியத்துக்கும் போக முடிகிறதா என்று மென்பொருளில் ஒரு சோதனை போடுங்கள். பட்டியல் மூன்று தனித்தனித் துண்டுகளாக இருந்தால் உலகத்தில் எந்த முறையாலும் அதை இரண்டு ஒட்டிய மண்டலமாக்க முடியாது.

இனி முறைகள். ஸ்கேட்டர் பிரேசிலில் உருவானது, அசுன்சாவோவும் சகாக்களும் 2006இல் வெளியிட்டது. ஒரு சிறிய உதாரணத்தில் கையாலேயே போட்டுப் பார்த்துவிடலாம். மேல் வரிசையில் அ, ஆ, இ. கீழ் வரிசையில் ஈ, உ, ஊ என்று ஆறு ஒன்றியங்கள். அ-வுக்குக் கீழே ஈ, ஆ-வுக்குக் கீழே உ, இ-க்குக் கீழே ஊ. பாசன விழுக்காடு என்று விளக்கத்துக்காக நானே எண்கள் போடுகிறேன்: அ 10, ஆ 12, இ 30, ஈ 11, உ 28, ஊ 32. யானை விதிப்படி ஏழு அண்டை இணைப்புகள். ஒவ்வொன்றின் செலவு இரு பக்க எண்களின் வித்தியாசம்: அ–ஈ 1, அ–ஆ 2, இ–ஊ 2, உ–ஊ 4, ஆ–உ 16, ஈ–உ 17, ஆ–இ 18.

மலிவான இணைப்பிலிருந்து தொடங்கி, வளையம் ஏற்படாமல் ஒவ்வொன்றாகச் சேருங்கள். முதல் ஐந்து இணைப்புகளிலேயே ஆறு ஒன்றியங்களும் இணைந்துவிடும்; 17-ம் 18-ம் தேவைப்படாது. கணினிக்காரர்கள் மினிமம் ஸ்பானிங் ட்ரீ என்று சொல்வது இதைத்தான். இந்த மரத்தில் எந்தக் கிளையை வெட்டினாலும் இரண்டு துண்டாகும், இரண்டுமே ஒட்டியதாகத்தான் இருக்கும். தொடர்ச்சியைத் தனியாகச் சரிபார்க்க வேண்டிய வேலையே இல்லை. இந்த முறையின் அழகு இதுதான்.

எதை வெட்டுவது? அதிகச் செலவுள்ள கிளையை வெட்டுவதாகப் பலர் நினைக்கிறார்கள். அப்படியல்ல. வெட்டிய பிறகு ஒவ்வொரு துண்டுக்குள்ளும் சராசரியிலிருந்து விலகும் அளவுகளின் வர்க்கங்களைக் கூட்டி, அந்தக் கூட்டல் எங்கே வெட்டினால் மிகவும் குறைகிறதோ அங்கே வெட்டுகிறோம். ஆறும் ஒரே குழுவாக இருக்கும்போது சராசரி 20.5, கூட்டல் 551.5. ஆ–உ கிளையை வெட்டினால் ஒரு பக்கம் 10, 12, 11, கூட்டல் 2. மறுபக்கம் 30, 28, 32, கூட்டல் 8. மொத்தம் 551.5-இலிருந்து 10-க்கு இறங்கிவிட்டது. மூன்று மண்டலம் வேண்டுமென்றால் இந்த இரண்டு துண்டில் எதை வெட்டினால் அதிகம் குறையும் என்று பார்த்து மறுபடி வெட்டுவது. எத்தனை மண்டலம் போதும் என்பதற்கும் இதுவே வழிகாட்டி: ஒவ்வொரு வெட்டுக்கும் கூட்டல் எவ்வளவு குறைகிறது என்று வரைந்து, குறைவது சொற்பமாகிற இடத்தில் நிறுத்துங்கள்.

இதே ஆறு ஒன்றியத்தில் இந்த முறையின் குறையும் தெரியும். ஆறு அலகை இரண்டு குழுவாக்க மொத்தம் 31 வழி. அதில் இரண்டு பக்கமும் ஒட்டி வருவது 15. மரம் நமக்குக் காட்டுவது அதில் 5 மட்டும். மரத்தில் சேராத இணைப்புகளைத் தூக்கி எறிந்துவிட்டோம், அவற்றின் வழியாக ஒட்டக்கூடிய மண்டலங்களை ஸ்கேட்டர் பார்க்கவே பார்க்காது. இங்கே நல்ல விடை அந்த ஐந்தில் இருந்தது. 388 அலகு, ஏழெட்டு மாறி என்றால் அப்படி இருக்கும் என்று நம்ப முடியாது.

இன்னொரு தொல்லை நடைமுறையில் எல்லாரும் சந்திப்பது. ஒரு ஒன்றியம் மற்றவற்றிலிருந்து மிகவும் விலகி இருந்தால் ஸ்கேட்டர் முதலில் அதை மட்டும் தனியாக வெட்டி எடுக்கும். அடுத்த வெட்டும் இன்னொரு தனி ஒன்றியம். பன்னிரண்டு மண்டலம் கேட்டால் ஒரு மாபெரும் மண்டலமும் பதினொரு துணுக்குகளும் கிடைக்கும். மாவட்ட அளவில் மக்கள் அடர்த்தியை அப்படியே போட்டுப் பாருங்கள்: 2011 கணக்கெடுப்பில் மாநிலச் சராசரி சதுர கிலோமீட்டருக்கு 555, சென்னைக்கு 26,553. முதல் வெட்டு எங்கே விழும் என்று ஓட்டிப் பார்க்கவே வேண்டாம். மாறிகளைத் தரப்படுத்துவது (எல்லாவற்றையும் ஒரே அளவுகோலுக்குக் கொண்டுவருவது), அடர்த்தி போன்ற கோணல் மாறிக்கு, அதாவது ஓரிரு மதிப்பு மட்டும் மிகப் பெரிதாக இருக்கும் மாறிக்கு, மடக்கை (லாக்) எடுப்பது, ஒரு மண்டலத்துக்குக் குறைந்தது இத்தனை மக்கள் அல்லது இத்தனை ஒன்றியம் என்று தளம், அதாவது கீழ்வரம்பு, வைப்பது ஆகிய மூன்றையும் செய்தால் இது பெரும்பாலும் அடங்கும்.

ரெட்கேப்பை டியான்ஷெங் குவோ 2008இல் முன்வைத்தார். இதுவும் மரம் கட்டி வெட்டுவதுதான், ஆனால் மரத்தை யோசித்துக் கட்டுகிறது. ஸ்கேட்டர் மரம் கட்டும்போது இரண்டு ஒன்றியத்துக்கு நடுவிலான வித்தியாசத்தை மட்டும் பார்க்கிறது. அதனால் ஒன்றுக்கு ஒன்று கொஞ்சம் கொஞ்சமாக மாறிக்கொண்டே போகும் ஒரு நீண்ட வரிசை ஒரே சங்கிலியாகக் கோக்கப்பட்டுவிடும். கடற்கரையில் இருந்து மேற்குத் தொடர்ச்சி மலை அடிவாரம் வரை மழை படிப்படியாக மாறும் இடங்களில் இது நடக்கும். இரண்டு முனைகளுக்கும் சம்பந்தமே இருக்காது. ரெட்கேப்பின் முழு வரிசை வகைகளில், குழுக்கள் சேரச் சேரக் குழுவுக்கும் குழுவுக்கும் நடுவில் உள்ள வித்தியாசம் மறுபடி கணக்கிடப்படுகிறது, அண்டைத் தன்மையும் புதுப்பிக்கப்படுகிறது. ஜியோடாவில் இதில் வார்டு இணைப்பும் உண்டு, உங்கள் தரவுக்கு அதைத்தான் பரிந்துரைக்கிறேன். மண்டலங்கள் அளவில் ஓரளவு சமமாகவும் உள்ளுக்குள் ஒத்தும் வரும்.

ஏ.இசட்.பி. (தானியங்கி மண்டலமாக்கல்) வேறு வகை. ஸ்டான் ஓபன்ஷா 1977இல் சொன்னது. ஏதோ ஒரு ஒட்டிய பிரிவினையில் தொடங்கு. எல்லையோர ஒன்றியம் ஒன்றை எடுத்துப் பக்கத்து மண்டலத்துக்கு மாற்றிப் பார். கூட்டல் குறைந்தால், இழந்த மண்டலம் இன்னும் ஒரே துண்டாக இருந்தால், மாற்றத்தை வைத்துக்கொள். மாற்ற எதுவும் இல்லை என்று ஆகும்வரை தொடர். மரம் எதுவும் கிடையாது என்பதால் ஸ்கேட்டர் பார்க்காத வழிகளையும் இது பார்க்கும். ஆனால் எங்கே தொடங்கினோம் என்பதைப் பொறுத்து விடை மாறும், அரைகுறை விடையில் சிக்கிக்கொள்ளும். அதற்காக 1995இல் ஓபன்ஷாவும் ராவும் டாபு தேடல், சிமுலேட்டட் அனீலிங் என்ற இரண்டு தேடல் உத்திகளைச் சேர்த்தார்கள்; அரைகுறை விடையிலிருந்து வெளியேற இவை உதவும். நான் இதைத் தனியாக ஓட்டுவதில்லை. ரெட்கேப் கொடுத்த விடையைத் தொடக்கமாகக் கொடுத்து மெருகேற்றப் பயன்படுத்துவேன்.

இந்த முறை ஏட்டோடு நின்றுவிடவில்லை. இங்கிலாந்து, வேல்ஸில் 2001 கணக்கெடுப்பு முடிவுகளை வெளியிட்ட சிறு பகுதிகள் இந்த வழியில் கணினி வரைந்தவை. அஞ்சல் குறியீட்டுப் பகுதிகளை அண்டை அண்டையாகச் சேர்த்து 1,75,434 பகுதிகள். ஒவ்வொன்றிலும் குறைந்தது 40 குடும்பம், 100 பேர். இலக்கு 125 குடும்பம். 40 குடும்பம், 100 பேருக்குக் குறைந்தால் எண்களை வைத்துத் தனி ஆட்களை அடையாளம் கண்டுவிடலாம் என்பதால் அந்தத் தளம். வீட்டு வகையும், சொந்த வீடா வாடகையா என்பதும் ஒத்துப்போகிற மாதிரி சேர்த்தார்கள். நோக்கம் முதலில், தளம் அடுத்து, முறை கடைசியில் என்ற வரிசைக்கு இதைவிடத் தெளிவான உதாரணம் எனக்குத் தெரியாது.

எத்தனை மண்டலம் என்று உங்களுக்கே தெரியாமல், ஒரு மண்டலத்துக்குக் குறைந்தபட்சம் எவ்வளவு வேண்டும் என்பது மட்டும் தெரிந்தால் மேக்ஸ்-பி. டூக்கே, ஆன்சலின், ரே மூவரும் 2012இல் வெளியிட்டது. அந்தத் தளத்தை எல்லா மண்டலமும் எட்டும்படி எத்தனை அதிகமாகப் பிரிக்க முடியுமோ அத்தனை பிரிக்கும். சுகாதாரத் தரவுக்கு இது அருமையானது. ஆரம்ப சுகாதார நிலையத்துக்குச் சமவெளியில் 30,000 பேர், மலை, பழங்குடிப் பகுதியில் 20,000 பேர் என்ற இந்திய அளவுகோல் போல ஒரு தளம் ஏற்கெனவே இருக்கும் இடங்களில் யோசிக்கவே வேண்டாம். அரிய நோய்களின் வீதத்துக்கும் இதுதான் பொருத்தம்: 5,000 பேருள்ள ஊராட்சியில் ஒரு நோயாளி இரண்டானால் வீதம் இரட்டிப்பாகிவிடும், சேர்த்துப் பார்த்தால்தான் அந்த எண்ணுக்குப் பொருள் வரும். பைத்தான் நிரல் மொழியின் பைசால் குடும்பத்தைச் சேர்ந்த ஸ்பாப்ட் தொகுப்பிலும் ஜியோடாவிலும் உண்டு. மிகச் சிறந்த விடையை நிரூபித்துக் காட்டும் முழு எண் நிரலாக்க முறைகளும் இருக்கின்றன. 388 அலகுக்குக் கணினி திணறும் என்பதால் விட்டுவிடலாம்.

தேர்தல் தொகுதி வரைவது பற்றியும் ஒரு வார்த்தை. அது வேறு கணக்கு. இந்தியாவின் 2002 தொகுதி மறுவரையறைச் சட்டம், இயன்றவரை நிலவியல் ரீதியில் கச்சிதமான பகுதியாக இருக்க வேண்டும், இயற்கை அமைப்பு, நிர்வாக எல்லை, போக்குவரத்து வசதி, மக்கள் வசதி எல்லாம் பார்க்க வேண்டும் என்கிறது. அங்கே உள்ளுக்குள் ஒத்திருப்பது நோக்கம் அல்ல, மக்கள்தொகைச் சமநிலைதான் நோக்கம். அமெரிக்காவில் இப்போது ரீகாம் என்ற முறையால் ஆயிரக்கணக்கான மாற்று வரைபடங்களை உருவாக்கி, போட்ட வரைபடம் அவற்றோடு ஒத்துப்போகிறதா, வேண்டுமென்றே வளைத்ததா என்று சோதிக்கிறார்கள். பக்கத்துப் பக்கத்து இரண்டு தொகுதிகளைச் சேர்த்து, அதில் ஒரு மரத்தைத் தற்செயலாக வரைந்து, மக்கள்தொகை சமமாகும் கிளையில் வெட்டுவது. ஸ்கேட்டரின் அதே மரம், வேறு வேலைக்கு.

உங்கள் மழைத் தரவைப் பற்றி ஒரு எச்சரிக்கை. ஒன்றிய வாரியான மழை எண்கள் பல நேரம் அருகிலிருக்கும் மழைமானியில் இருந்து எடுத்தவை, அல்லது சில மானிகளுக்கு நடுவே இடைக்கணித்தவை. ஒரே மானியைப் பகிரும் ஒன்றியங்களுக்கு ஒரே எண் இருக்கும், வித்தியாசம் பூஜ்யம், மரத்தில் முதலில் சேர்வது அவைதான். கடைசியில் மண்டலம் என்று வருவது மழைமானிகள் எங்கே நிற்கின்றன என்பதன் படமாகிவிடலாம். மழைக்கு எடையைக் குறைத்து ஒரு முறையும் அது இல்லாமல் ஒரு முறையும் ஓட்டி வித்தியாசத்தைப் பாருங்கள்.

மண்டலம் கட்டிய பிறகு அதை வைத்து ஒட்டுறவுக் கணக்கு (இரண்டு மாறிகள் எவ்வளவு சேர்ந்தே கூடிக் குறைகின்றன என்ற கணக்கு) போடப் போகிறீர்கள் என்றால் இன்னும் கவனம். ஓபன்ஷாவும் டெய்லரும் 1979இல் அமெரிக்காவின் அயோவா மாநிலத்து 99 கவுண்டிகளை (நம் மாவட்டம் போன்றவை) எடுத்து, முதியோர் விழுக்காட்டுக்கும் குடியரசுக் கட்சி வாக்குக்கும் உள்ள ஒட்டுறவைப் பார்த்தார்கள். கவுண்டிகளைத் தொகுக்கும் விதத்தை மட்டும் மாற்றி, ஒட்டுறவைக் கிட்டத்தட்ட −1 முதல் +1 வரை கொண்டுபோக முடிந்தது. தரவு மாறவே இல்லை. அதனால் எந்த மாறிகளை வைத்து மண்டலம் கட்டினீர்களோ அதே மாறிகளுக்கு இடையிலான உறவை அந்த மண்டலங்களை வைத்து நிரூபிக்காதீர்கள்.

கடைசியாக, ஒரே வரைபடத்தைக் கொடுத்துவிட்டு நிற்காதீர்கள். ஸ்கேட்டர், ரெட்கேப், ஏ.இசட்.பி. மூன்றையும், எல்லை அண்டை, சாலை அண்டை என்ற இரண்டு பட்டியலோடும், மண்டல எண்ணிக்கையைப் பத்திலிருந்து பன்னிரண்டு வரை மாற்றியும் ஓட்டுங்கள். அண்டையாக உள்ள ஒவ்வொரு ஒன்றிய ஜோடிக்கும், எத்தனை ஓட்டங்களில் இரண்டும் ஒரே மண்டலத்தில் விழுந்தன என்று எண்ணுங்கள். எப்போதும் பிரிந்தே இருக்கும் ஜோடிகளுக்கு நடுவே தடித்த கோடு போடலாம். சில ஓட்டங்களில் சேர்ந்து சில ஓட்டங்களில் பிரிகிற இடங்களில் புள்ளிக்கோடு. உங்கள் தரவில் புள்ளிக்கோடு விழும் என்று நான் எதிர்பார்க்கும் ஒரு இடம் புதுக்கோட்டைக் கடலோரம்: கல்லணைக் கால்வாயின் கடைமடையில் இருக்கும் அறந்தாங்கி, ஆவுடையார்கோயில், மணமேல்குடி ஒன்றியங்கள். காவிரித் தண்ணீர் வரும் அளவைப் பார்த்தால் டெல்டாவோடு சேரும், மண்ணையும் கண்மாயையும் பார்த்தால் தெற்கே ராமநாதபுரத்தோடு சேரும். அங்கே எந்தப் பக்கம் கோடு போடுவது என்பதை மென்பொருளிடம் விடாமல், அந்தப் பகுதி வேளாண் உதவி அலுவலர்களிடம் கேட்டு முடிவு செய்யுங்கள்.